ஆர்எக்ஸ்-8: வாரன்டியில் ரோட்டரி இன்ஜின் மாற்றும்போது

மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 காரில் பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும். சூடான இன்ஜினை அணைத்த கையோடு மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் முதலில் சந்தேகிப்பது கம்ப்ரஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தைத்தான். சாதாரண கேஜ் உதவாது. ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகபட்சத்தை மட்டும் காட்டி, அழுத்தம் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருப்பதை மறைத்துவிடும். ஒவ்வொரு முகத்தையும் தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டரில், இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். 250 ஆர்பிஎம் கணக்கில் எந்த முகமும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்களையும் தாளில் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் மாஸ்டா 2004–2008 மாடல்களின் இன்ஜின் கோருக்கு (இன்ஜினின் உட்பகுதிக்கு) 8 ஆண்டு, 1,00,000 மைல் வரை வாரன்டியை நீட்டியிருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று பிரித்துக் கட்டிய இன்ஜினுக்குக் கடை தரும் வாரன்டிக்கும் இந்தத் தாளும் ஆயில் ரசீதுகளும்தான் ஆதாரம்.

இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயில், நான்கு பிளக், எல்லாமே புதிதாக வேண்டும். காயில் சோர்ந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, அதை உருக்கி அடைக்கும். தேங்கும் சூட்டில் புது சீல்களும் போய்விடும்.