சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டிவிட்டால்: சேலம், ஏற்காடு பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் காரை நிறுத்துகிறோம். கதவெல்லாம் பூட்டியாகிவிட்டது. குளிருகிறதே என்று ஸ்வெட்டர் எடுக்க டிக்கியை மட்டும் திறக்கிறோம். பையைத் துழாவ இரண்டு கையும் வேண்டும் என்பதால் சாவியைப் பைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். ஸ்வெட்டர் கிடைத்ததும் டிக்கியை டப்பென்று சாத்துகிறோம். அவ்வளவுதான். மலைக்கு வருகிறவர்களிடம் இப்படித்தான் அதிகம் நடக்கிறது.

இன்னொரு வகை, இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் இறங்கும்போது நடப்பது. உள்ளே இருக்கும் குழந்தை கதவில் உள்ள பூட்டுப் பொத்தானை அழுத்திவிடும். பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள், சாவி உள்ளே இருந்தால் தங்கள் வண்டி பூட்டாது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், பீப் சத்தம் போட்டு மறுத்துவிடும். ஆனால் சாவியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் அது உள்ளே இருப்பது காருக்கே தெரியாது.

எப்படி நடந்திருந்தாலும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால்தான் செலவு ஏறும்.

முதலில்: உள்ளே யாராவது இருக்கிறார்களா?

குழந்தையோ, தானாக இறங்க முடியாத பெரியவரோ, நாயோ உள்ளே இருந்தால் சாவிக்காரர், சர்வீஸ் சென்டர் எல்லாம் அப்புறம். மூடிய கார் வெயிலில் பத்து நிமிடம் நின்றாலே உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும்போது உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டில் குளுகுளுவென்று இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. வெளியே 25 டிகிரிதான் என்றாலும் வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு மணி நேரத்தில் உள்ளே 40-ஐத் தாண்டும். கண்ணாடி விரலளவு இறங்கியிருப்பதாலும் பெரிய பயன் இல்லை. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடேறும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்றால் முதலில் பேசிப் பாருங்கள். பின் கதவின் உள் கைப்பிடியை இழுக்கச் சொல்லாதீர்கள். அங்கே சைல்டு லாக் போட்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, குழந்தை பயந்து அழத் தொடங்கும். சீட்டுகளுக்கு நடுவே முன்னால் வரச் சொல்லி, டிரைவர் கதவின் கைப்பிடியைக் காட்டுங்கள். சைல்டு லாக் முன் கதவுகளுக்குக் கிடையாது. பல கார்களில் முன் கதவைப் பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து ஒன்றிரண்டு முறை இழுத்தால் திறந்துகொள்ளும். நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், விளையாட்டு மாதிரி. பதறினால் குழந்தையும் பதறும்.

இதற்கிடையே இன்னொருவர் 112-க்கு அழைக்கட்டும். குழந்தை சோர்ந்துவிட்டாலோ, முகம் சிவந்து வியர்வை கொட்டினாலோ, வியர்வையே நின்றுபோனாலோ, கூப்பிட்டால் பதில் இல்லையென்றாலோ யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கண்ணாடியை உடைத்துவிடுங்கள்.

உடைக்கவும் ஒரு முறை இருக்கிறது. முன் கண்ணாடியில் கை வைக்காதீர்கள். அது நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கதவுகளில் இருப்பது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி, ஓரிடத்தில் பிளந்தால் மொத்தமும் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். குழந்தை இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தள்ளி முடியுமோ அந்தக் கதவைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் கீழ் மூலையில் அடியுங்கள். கூரான, கெட்டியான பொருள் வேண்டும்: பக்கத்து வண்டியின் வீல் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல். கையில் துணி சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்கவும். சீட்டின் தலை வைக்கும் பகுதியைக் கழற்றி உடைக்கும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு உரியது, நமக்கு எட்டாது.

குழந்தையை நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, 108-க்கு அழையுங்கள்.

உள்ளே யாரும் இல்லையா? சரி, அப்படியென்றால் இது வெறும் நேரப் பிரச்சினை. ஒரு டீ சொல்லிவிட்டுக் கூட யோசிக்கலாம்.

காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்

நான்கு கதவுகளையும் டிக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். சென்ட்ரல் லாக் இருந்தாலும் ஒவ்வொரு கதவிலும் தனித்தனி மோட்டார்தான் வேலை செய்கிறது. ஓடித் தேய்ந்த வண்டியில் ஏதாவது ஒரு மோட்டார் செத்திருந்தால் அந்தக் கதவு பூட்டாமலே இருக்கும். இத்தனை நாள் கவனிக்காத அந்தப் பழுது இன்றைக்கு வரம்.

சாவி டிக்கியில் மாட்டிக்கொண்டு, கதவு ஏதாவது திறந்திருந்தால் வேலை முடிந்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் கீழே டிக்கி திறக்கும் நெம்புகோல் இருக்கும். இல்லையென்றால் பின் சீட்டின் முதுகை மடித்து உள்ளே கையை விடலாம். ஹேட்ச்பேக் கார் என்றால் இந்தச் சிரமமும் இல்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இதைப் பின்னால் சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்காகக் கேட்கிறேன்.

இரண்டாவது சாவி

கார் வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள் இல்லையா? ஒரு பைசா வீணாகாமல், கதவில் ஒரு கீறல் விழாமல் திறக்க முதலில் யோசிக்க வேண்டிய வழி அதுதான். சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ மாட்டிக்கொண்டால் வீட்டிலிருந்து யாராவது பைக்கில் கொண்டுவந்துவிடுவார்கள். ஏற்காட்டில் நிற்கும்போதுதான் ‘அவ்வளவு தூரமா’ என்று தோன்றும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தம்பியோ மச்சானோ சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், நீங்கள் ஏரியில் ஒரு ரவுண்டு படகு ஓட்டி முடிப்பதற்குள் வந்துவிடுவார். சாவிக்காரரைக் கீழேயிருந்து வரவழைத்தாலும் அவரும் அதே வளைவுகளில்தான் ஏறி வர வேண்டும். அதனால் தம்பியே மேல். மேயில் கோடை விழா நடக்கும் நாட்களில் மட்டும் கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும், கூடுதல் நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் என்றால் முதல் போன் வண்டி உரிமையாளருக்குப் போக வேண்டும். அவரைக் கேட்காமல் கதவில் எதையும் நுழைக்காதீர்கள்.

புதிய கார்களில் ஹூண்டாய் புளூலிங்க், கியா கனெக்ட் போன்ற செயலிகள் இருக்கின்றன. சந்தா உயிரோடு இருந்தால் போனிலிருந்தே கதவைத் திறக்கலாம். அந்த வசதிக்குக் காருக்கும் சிக்னல் கிடைக்க வேண்டும். மலையில் எஸ்டேட் பாதைகளுக்குள் நிறுத்தியிருந்தால் அது சந்தேகம்தான்.

யாரைக் கூப்பிடுவது?

இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்து வாங்கியிருந்தால் சாவி உள்ளே மாட்டிக்கொள்வதும் வழக்கமாக அதில் அடங்கும். கார் கம்பெனியே தரும் உதவித் திட்டமும் இருக்கலாம். ஆள் அனுப்பித் திறப்பார்கள், அல்லது வீட்டிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துவர ஏற்பாடு செய்வார்கள். காசு கட்டி வைத்திருந்தும் இதைப் பயன்படுத்தத் தோன்றாமல் தெருவில் ஆள் தேடுகிறவர்கள்தான் அதிகம். பெங்களூரு, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வரும்போது தேசிய நெடுஞ்சாலை 44-ல் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அழைக்கலாம். கதவைத் திறந்து தர மாட்டார்கள் என்றாலும், வேகமாக வண்டி போகும் இடத்தில் தனியாக நிற்பதற்கு ரோந்து வண்டி ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது.

இதெல்லாம் இல்லையென்றால் சாவிக்காரர். பீரோ சாவி போடுகிறவர் வேறு, கார் கதவு திறக்கிறவர் வேறு. கேட்டுக்கொண்டே கூப்பிடுங்கள்:

“அண்ணா, கார் சாவி உள்ளயே மாட்டிக்கிச்சு. கதவை மட்டும் திறந்தா போதும், புதுச் சாவி வேண்டாம். நீங்க காத்துப் பை வச்சுத் திறப்பீங்களா, இல்ல பட்டை விட்டா?”

காரின் பெயர், வருடம், சாதாச் சாவியா பட்டன் ஸ்டார்ட்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். மலையேறி வரும் செலவையும் சேர்த்துக் கூலியை முன்னாலேயே பேசி முடியுங்கள். வந்ததும் ஆர்.சி. கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்கிறவர்தான் ஒழுங்கானவர். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி. போதும்.

போனும் காருக்குள்ளேயே கிடந்தால்? டிஜிலாக்கரை மற்றவர் போனில் திறக்க முடியாது, ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் போகும். அதனால் வீட்டு எண் ஒன்றாவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பட்டை என்பது கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நுழைக்கும் மெல்லிய இரும்புத் தகடு. மாருதி 800, ஆம்னி காலத்துக் கதவுகளில் பூட்டுக்குப் போகும் கம்பி நேராக இருந்தது, தகட்டால் தட்டினால் திறந்தது. இப்போதைய கதவுக்குள் ஒயர்களும் கேபிளும் சென்சாரும் இருக்கின்றன. தெரியாமல் குத்தினால் கதவு திறக்காது, பவர் விண்டோ நின்றுபோகும். “ஒரு இரும்பு ஸ்கேல் இருந்தா குடுங்க சார், நான் பாக்கறேன்” என்று வேடிக்கை பார்க்க வந்தவர் முன்வருவார். நல்ல மனசுக்காரர்தான். நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

காற்றுப் பை முறை இப்படி. கதவுச் சட்டத்தின் மேல் மூலையில் துணியோ டேப்போ வைத்து, பிளாஸ்டிக் ஆப்பைச் செருகிச் சின்ன இடைவெளி உண்டாக்குவார். அதில் தட்டையான பையை நுழைத்து மெதுவாகக் காற்று அடிப்பார். கம்பி நுழையும் அளவு இடைவெளி வந்தால் போதும், அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் அடித்தால் சட்டம் வளைந்துவிடும். பிறகு ஓட்டும்போது காற்று விசிலடிக்கும், மழையில் தண்ணீர் ஒழுகும்.

அப்புறம் முனையில் ரப்பர் போட்ட நீளக் கம்பி உள்ளே போகும். பெரும்பாலும் இடது பக்கக் கதவு வழியாக விட்டு, எதிரே டிரைவர் கதவில் இருக்கும் பூட்டுப் பொத்தானையோ கைப்பிடியையோ பிடிப்பார்கள். ரிமோட்டில் பூட்டிய சில கார்களில் உள் பொத்தான் வேலை செய்யாது, அப்போது கைப்பிடியை இழுக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சுலபம்: பவர் விண்டோ பொத்தானைக் கம்பியால் அழுத்தினால் கண்ணாடியே இறங்கிவிடும். அலாரம் அலறினால் அலறட்டும்.

டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுச் சாவித் துவாரத்தில் அழுத்துவது, வீட்டில் இருக்கும் ரிமோட்டைப் போன் வழியாக அமுக்கிக் காட்டுவது, இரண்டும் கதை. ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை. போன் கடத்துவது குரலை மட்டும்தான்.

கதவு திறந்ததும் யாரும் சாத்துவதற்கு முன் சாவியைக் கையில் எடுங்கள். பிறகு அந்தக் கதவின் ரப்பர், கண்ணாடி ஏற்ற இறக்கம், பூட்டு மூன்றையும் சாவிக்காரர் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

அடுத்த முறைக்கு

மலையில் நிற்கும்போது காற்று வரட்டும் என்று கண்ணாடியை இறக்கி வைப்பது வேண்டாம். சாவிக்குப் பயந்து குரங்குக்கு வழி விட்டதாகிவிடும். பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டியில் சாவி ஒளித்து வைப்பதும் எனக்குப் பிடிக்காது, நமக்குத் தெரிந்த இடம் திருடனுக்கும் தெரியும்.

நான் சொல்வது வேறு. சிப் இல்லாத சாதாச் சாவி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் கதவு திறக்கும். ரிமோட் சாவியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பர்ஸிலோ கூட வருகிறவர் கைப்பையிலோ வைத்துக்கொள்ளலாம். பட்டன் ஸ்டார்ட் சாவிக்குள்ளும் சின்ன இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். கதவுக் கைப்பிடியில் துவாரம் தெரியவில்லையென்றால் அது ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கலாம், மேனுவலில் பார்த்து வையுங்கள்.

வெட்டிய சாவியை வீட்டு வாசலில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். ரிமோட்டில் பூட்டிய கதவை அதில் திறந்தால் பல வண்டிகளில் அலாரம் கத்தும். உள்ளே கிடக்கும் அசல் சாவியை எடுத்துத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும்.