வீட்டுப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியை எடைபோடுவது எப்படி?

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருந்தன. எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்க நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் மார்க் பட்டியலையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது யாராவது கேட்டால் இரண்டு வாரத்தில் முடிக்கிற மாதிரி சொல்லித் தருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், கடைசித் தேதி எல்லாம் பள்ளி அறிவிப்புப் பலகையிலேயே இருக்கும், அதற்குள் போகவில்லை.

வேண்டியவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. எக்செல் வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு அம்சத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டினால், கழிப்பறையில் தண்ணீர் வராததை ஓவியப் போட்டிப் பரிசு ஈடுகட்டிவிடும். அதேபோல, பள்ளிக்குள் போனதும் போனை வெளியே எடுக்காதீர்கள். அடுத்தவர் பிள்ளைகளைப் படம் எடுப்பது தவறு. அதோடு, போனைப் பார்த்த அந்த நிமிடமே டீச்சர்கள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள்.

படி 1: தலை எண்ணுங்கள்

வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் கடந்த இரண்டு வருடத்தில் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், சராசரி வருகை எவ்வளவு. இந்த வருடத்துக்கும் முந்தைய மூன்று வருடத்துக்கும் கேட்டு வாங்குங்கள்.

மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் வகுத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். 120 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள் என்றால் கணக்குக்கு 20 வரும். ஆனால் உங்கள் பிள்ளை போய் உட்காரப்போகிற வகுப்பில் 38 பேர் இருக்கலாம். சின்ன வகுப்புகளில் இது உண்மையிலேயே பெரிய விஷயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் ‘ஸ்டார்’ என்றொரு ஆய்வைத் தொடங்கினார்கள். மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளிலும் பிரித்து உட்காரவைத்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் நின்றார்கள்.

அடுத்து, ஒரே அணியைப் பின்தொடருங்கள். மூன்று வருடம் முன்பு ஒன்றாம் வகுப்பில் 30 பேர், இப்போது நான்காம் வகுப்பில் 18 பேர் என்றால், மீதி 12 பேர் எங்கே? வீடு மாறிப் போயிருக்கலாம், வேறு பள்ளிக்கும் போயிருக்கலாம். கேளுங்கள். இந்த எண் அடுத்த படியிலும் வேண்டும்.

படி 2: மார்க்கைப் படிப்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் ஒரு வருடம் 79 சதவீதம், அடுத்த வருடம் 93. பெரிய முன்னேற்றம் என்று நினைத்து அந்தப் பள்ளியையே கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். பிறகுதான் தேர்வு எழுதினவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். இரண்டு வருடமும் தலா 14 பேர். முதல் வருடம் 11 பேர் தேறினார்கள், மறு வருடம் 13 பேர். அந்தப் பதினான்கு சதவீதமும் வெறும் இரண்டு பிள்ளைகள்! ஒரு பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் ‘தரம்’ ஏழு சதவீதம் இறங்கிவிடும்.

எனவே சதவீதத்தைப் பார்த்ததும் 100-ஐத் தேர்வு எழுதியவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் எடை அதுதான். 14 பேர் என்றால் ஏழு, 60 பேர் என்றால் ஒன்றரைக்கும் சற்று மேல். ஒன்றிரண்டு பிள்ளைகளால் வரக்கூடிய வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பள்ளி என்றால் மூன்று வருடத்தைச் சேர்த்துப் போடுங்கள்: 11, 13, 10 பேர் தேறியிருந்தால் 42-க்கு 34, அதாவது 81 சதவீதம். அந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

இன்னொரு சிக்கல். அதிக மார்க் வாங்கும் பள்ளி நன்றாகக் கற்பிக்கும் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-ல் அமெரிக்க அரசுக்காக வந்த அறிக்கை, பிள்ளைகளின் தேர்ச்சி வித்தியாசத்தோடு பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் ஒட்டிப்போகிறது என்று காட்டியது. வீட்டில் கதை வாசித்துக் காட்டுகிறவர்களின் பிள்ளைகள் நிறைய வந்தால் அந்தப் பள்ளியின் மார்க் தானாகவே ஏறி நிற்கும். பள்ளி என்ன செய்தது என்று தெரிய, ஒரே அணி மூன்றாம் வகுப்பில் எங்கே இருந்தது, ஐந்தாம் வகுப்பில் எங்கே வந்தது என்று கேளுங்கள். 85-லிருந்து 80-க்கு வந்த பள்ளியைவிட 40-லிருந்து 70-க்கு வந்த பள்ளியைத்தான் நான் எடுப்பேன். ஆனால் அதற்கு முன் படி 1-க்குத் திரும்பிப் போய், நடுவில் எத்தனை பேர் விலகினார்கள் என்று பாருங்கள். தடுமாறுகிறவர்கள் போய்விட்டாலும் எண் ஏறத்தான் செய்யும்.

படி 3: வாசலில் அரை மணி

காலையில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள் வாசலில் நில்லுங்கள். தாமதமாக வரும் பிள்ளையை எப்படி உள்ளே அழைக்கிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும்.

படி 4: உள்ளே போய் நோட்டைப் புரட்டுங்கள்

முன்கூட்டியே அனுமதி வாங்கி, வேலை நாளில் போங்கள். குடிதண்ணீர், கழிப்பறை, மைதானம் மூன்றையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கழிப்பறையை மட்டும் இடைவேளை முடிந்த பிறகு பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். நூலகம் இருக்கிறதா என்று கேட்காமல், புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கும் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

மீதி நேரம் முழுக்க நோட்டுகளுக்குத்தான். மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு மூன்று, நான்கு கேளுங்கள். முதல் பெஞ்சில் மேலாக இருப்பதையே நீட்டுவார்கள். “கொஞ்சம் சிரமப்படுகிற பிள்ளையுடையதும் ஒன்று, பெயர் வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

முதல் பள்ளியில் நான் பார்த்த நோட்டில் 52-லிருந்து 17 போனால் 45 என்று இருந்தது. அந்தப் பிள்ளை மேலே எது, கீழே எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7-லிருந்து 2, 5-லிருந்து 1. அதன் மேல் சிவப்பு மையில் பெரிய டிக். அடுத்த பக்கத்திலும் அதே தவறு, அதே டிக். இரண்டாவது பள்ளியிலும் அதே மாதிரிக் கணக்கு, அதே 45. அங்கே டீச்சர் மேலே இருந்த 2-ஐ வட்டமிட்டு, “இதிலிருந்து 7 எடுக்க முடியுமா? கடன் வாங்கினாயா?” என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே பிள்ளை அடித்துத் திருத்தி 35 என்று போட்டிருந்தது. மூன்று நாள் கழித்த தேதியில் அதே வகைக் கணக்கு இன்னும் இரண்டு, இரண்டும் சரி.

இரண்டாவது பள்ளிக்குத்தான் மார்க் குறைவு. என் மகளை அங்கேதான் சேர்த்தேன்.

படி 5: தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி

“இரண்டாம் வகுப்பு முடிந்தும் வாசிக்க வராத பிள்ளைக்கு இங்கே என்ன செய்வீர்கள், சார்?” பதிலில் யார், எப்போது, எத்தனை பேர் என்பது வருகிறதா என்று கேளுங்கள். “தினமும் காலை முதல் இருபது நிமிடம், நாலு பேரைத் தனியாக உட்காரவைக்கிறோம், மாதம் ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறோம்” என்பது பதில். “வீட்டில் கவனிப்பதே இல்லை” என்று மட்டும் சொன்னால், அந்தப் பிள்ளையை அங்கே யாரும் தூக்கிவிடப்போவதில்லை என்று அர்த்தம்.

படி 6: பெற்றோர்களிடம் பேசுங்கள்

இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களை நான் பார்ப்பதே இல்லை. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கோபப்பட்டவரும்தான் அங்கே எழுதுகிறார்கள். மூன்று பேரைத் தேடுங்கள்: இப்போது படிக்கிற பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ, படிப்பில் திணறின ஒரு பிள்ளையின் வீட்டார், பள்ளியை விட்டு விலகின ஒரு குடும்பம். “நல்ல பள்ளியா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் வரும். “கடைசியாக டீச்சர் உங்களிடம் எதற்காகப் பேசினார்?” என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு, வேலை நாளில் லீவு கிடைக்காது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நியாயம்தான். அப்படியென்றால் அக்கம்பக்கத்தில் அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் நோட்டை, வீட்டாரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். அவர்கள் சம்மதித்தால் ‘அசர்’ முறையில் வாசிக்கவும் சொல்லலாம். 2005 முதல் பிரதம் அமைப்பினர் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்கிற சோதனை அது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை, அவ்வளவுதான். பிள்ளை தடுமாறினால் அங்கேயே நிறுத்திப் பாராட்டி அனுப்புங்கள். ஒரு பிள்ளையை வைத்துப் பள்ளியைத் தீர்மானிக்காதீர்கள், படி 2-ல் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும்.

பின்சேர்க்கை 2: காது சரியாகக் கேட்காத மகனுக்காக ஒரு அம்மா கேட்டிருந்தார். நான் இதை எழுதாமல் விட்டது பெரிய குறை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்பில் எதிரொலி இருக்கிறதா, பக்கத்து வகுப்புச் சத்தம் விழுகிறதா என்று அவன் உட்காரப்போகிற இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சிறப்பு ஆசிரியர் எந்தக் கிழமை வருகிறார், கடைசியாக எப்போது வந்தார் என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் முதலாவதற்கு மட்டும் பதில் வரும்.

பின்சேர்க்கை 3: “தலைமையாசிரியரை நம்பிச் சேர்த்தோம், மூன்றே மாதத்தில் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்” என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதன் பிறகு படி 5-ல் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அதே கேள்வியை, தலைமையாசிரியர் பக்கத்தில் இல்லாதபோது, இரண்டாம் வகுப்பு டீச்சரிடமும் தனியாகக் கேளுங்கள். இருவரும் அதே இருபது நிமிடத்தையும் அதே நாலு பேரையும் சொன்னால், அது பள்ளியின் பழக்கம். ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.