கோடியக்கரைக்கு வருகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற உறவுகளின் அழைப்புகள் தொடங்கிவிடும். "மாமா, இந்தச் சனிக்கிழமை வந்தால் பூநாரை பார்க்கலாமா?" வேதாரண்யத்தில் குடியிருக்கிறேன், பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன், அதனால் பக்கத்தில் இருக்கிற கோடியக்கரைச் சரணாலயம் பற்றி யாருக்கு என்ன ஐயம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வந்து இறங்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. சதுப்பு நிரம்பி வழியும்போது கொசு உள்ளான் என்கிற குட்டிக் கரைப்பறவை எங்கே நிற்கும்? அதன் கால் உங்கள் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மழை ஓய்ந்து, நீர் வடிந்து, சேறு வெளியே தெரியத் தொடங்கிய பிறகுதான் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டங்கூட்டமாக மேய வரும். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை நல்ல காலம். நாள்காட்டியை மட்டும் நம்பாமல், அந்த ஆண்டு மழை எப்போது நின்றது என்று யாரிடமாவது கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தை அமாவாசை பக்கமே வராதீர்கள். கோடியக்கரைக் கடலில் நீராட ஊரே திரண்டு வரும். அன்றைக்குப் புண்ணியம் கிடைக்கும், பறவை கிடைக்காது.

அக்டோபரில்தான் வர முடியும் என்றால் சதுப்பை விட்டுவிட்டுக் காட்டுக்கு வாருங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. இலங்கைக்குப் போகிற பறவைக்கு இதுதான் கடைசி மண். கடலைத் தாண்டுமுன் இங்கே இளைப்பாறும். ஆறுமணிக்குருவி இரவில் பறந்து வந்து, விடியற்காலையில் களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில்கூட விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை. கையில் எடுக்க நேர்ந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான மூலையில் விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். குழந்தைகளிடம் கொடுத்துப் படம் எடுப்பவர்களை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

வருகிற வழி சுலபம். நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பஸ் உண்டு. அகல ரயில் பாதைப் பணி முடிந்து, 2023 முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயிலும் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் போகும், ஆனால் விடியலில் உள்ளே இருக்க வேண்டுமென்றால் முதல்நாளே ஆட்டோ பேசிவிடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுவது முக்கியம். தங்குவதற்கு வேதாரண்யத்தில் விடுதிகள் இருக்கின்றன. கோடியக்கரையிலேயே தங்க நினைத்தால் வனத்துறையின் 'பூநாரை இல்லம்' இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். குடிநீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி, எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்காத விஷயம்: காடு வேறு, சதுப்பு வேறு. இரண்டையும் ஒரே காலையில் முடிக்க நினைப்பவர்கள் இரண்டையும் பார்ப்பதில்லை. முதல் நாள் காட்டுக்கு, மறுநாள் சதுப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள்தான் இருக்கிறது என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

காடு என்றால் முதுமலையைக் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். இது மணல்மேட்டில் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இங்கே பெரிய அழிவைச் செய்தது. மரங்கள் வீழ்ந்தன, மான்களும் மட்டக்குதிரைகளும் இறந்தன. இன்றும் சில இடங்களில் சாய்ந்த மரத்தின் பக்கவாட்டிலிருந்து கிளை நிமிர்ந்து வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

1967இல் இது சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். மானை மரங்களுக்கிடையில் தேடாதீர்கள், புல்வெளியில் தேடுங்கள். சோதனைச்சாவடி திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மான்கள் நிழலுக்கு ஒதுங்கிவிடும், நீங்கள் வியர்த்துக்கொண்டு நிற்பீர்கள். புல்தரையில் ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தால் அங்கேயே நில்லுங்கள். முதிர்ந்த கிடா தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். ஆள் அருகில்தான் இருப்பார். முறுக்குக் கொம்பு கிடாவுக்குத்தான். வயது ஏற ஏற அதன் முதுகு கறுத்துக்கொண்டே போகும். இன்னொரு கிடா எல்லைக்குள் வந்தால் மூக்கை வானத்தை நோக்கித் தூக்கி, கொம்பை முதுகில் சாய்த்து, காதைத் தொங்கவிட்டு ஒரு நடை நடக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நடப்பதைப் போல. பெரும்பாலும் அந்த நடையோடு சண்டை தீர்ந்துவிடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

இந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும்; ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மட்டக்குதிரைகள் சாதுவாகத் தெரியும், கிட்டே போகாதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போட்டுப் பழக்கியவர்களால்தான் அடுத்து வருகிறவர் கையிலிருக்கும் பை பறிபோகிறது. ராமர் பாதம் என்கிற மேட்டில் ஏறினால் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். நம் பக்கத்தில் இதுதான் மலை, சிரிக்காதீர்கள்.

சதுப்புக்கு வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் முதல்நாளே அனுமதி கேளுங்கள். இன்றைக்குத் தண்ணீர் எங்கே, பறவை எங்கே என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பாதையை விட்டுச் சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். வெளியே வரும்போது செருப்பு உள்ளேயே தங்கிவிடும்.

உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்புகளைக் கவனியுங்கள். உப்பு விளையும் பாத்தியில் பறவைக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் கடல்நீரைத் தேக்கிவைக்கும் ஆழமில்லாத பரப்புகளில்தான் இரை இருக்கும். பூநாரை அங்கே தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும்; கலங்கிய நீரை நாக்கால் உறிஞ்சித் தள்ளி, இரையை மட்டும் வடிகட்டிக்கொள்ளும். தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடுதான் தெரியும். ஆகவே பைனாகுலர் இல்லாமல் வருவது வீண்செலவு. பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கைதட்டுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிர், உங்கள் படத்துக்காக மறுபடியும் ஏன் பறக்க வேண்டும்?

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் இறங்கி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பாருங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். பத்து நிமிடம் போதும்.

கடற்கரைக்கு மாலையில் போங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். வலை காயும் இடத்தில் மிதிக்காமல் நடங்கள். தை, மாசியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் நீங்கள் இருந்தால் அதிர்ஷ்டம். அலைபேசி விளக்கை மட்டும் அடிக்காதீர்கள். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும், கடலை விட்டு உங்கள் பக்கம் நடந்து வந்துவிடும்.

கருவாடு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. நன்றாகக் காய்ந்ததா என்று ஒடித்துப் பார்த்து வாங்குங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் பிளாஸ்டிக் பை இரண்டு போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கடைசி பஸ் எப்போது என்று காலையில் வந்து இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்தப் பையோடு ஏறும்போது அவர் உங்களிடம் பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்.