வாட்டில் பேசும்போது நோயாளியின் வாயை அடைத்துவிடும் தவறுகள்

கொழும்பு வைத்தியசாலைகளில் தாதியர் பேசும் விதத்தைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் "ஏசுறாங்க" என்றுதான் சொல்வார்கள். ஏச்சு தவறுதான், அதில் வாதம் இல்லை. ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு வாட்டில் நிற்கும்போது என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைப்பது, அன்பாகப் பேசியே நோயாளியை வாய் மூட வைக்கும் பழக்கங்கள். ஏசினால் யாராவது முறைப்பாடு செய்வார்கள். இவற்றை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

முதலாவது, "ஒண்டுமில்ல, பயப்படாதீங்க". மறுநாள் பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் போகவிருக்கும் ஒரு ஐயா, இரவு மருந்து கொடுக்கும்போது, "மிஸ், நான் எழும்பி வருவேனா?" என்று கேட்கிறார். "சும்மா கண்டதையும் யோசிக்காதீங்க ஐயா, ஒண்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அவருக்கு நெஞ்சைத் திறப்பதில் பயமா, மயக்க மருந்தில் பயமா, கலியாணம் கட்டாத மகளைப் பற்றிய யோசனையா என்று நமக்குத் தெரியாது. தெரியாமலே ஆறுதல் சொல்கிறோம். போதாததற்கு, "ஒண்டும் ஆகாது" என்று உத்தரவாதம் கொடுக்க நாம் யார்?

மருந்துத் தட்டைக் கீழே வைத்து, அவர் முகத்துக்கு நேரே வந்து, "எதை நினைச்சுப் பயப்படுறீங்க ஐயா?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் நில்லுங்கள். அந்த அரை நிமிட அமைதியைத் தாங்க முடியாமல் நாமே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவதும் ஒரு தவறுதான். "கண் முழிக்கும்போது தொண்டைக்குள்ள குழாய் இருக்குமாம், பேச ஏலாதாம்" என்று அவர் சொன்னால், இப்போது நம்மிடம் பதில் இருக்கிறது. ஓம், சுவாசக் குழாய் கொஞ்ச நேரம் இருக்கும், அதோடு பேச வராது, பக்கத்திலேயே ஒரு தாதி நிற்பார், தலையாட்டியும் கையைக் காட்டியும் சொல்லலாம். இது உண்மை. உண்மை சொன்னதால் அவர் கூடுதலாகப் பயப்பட்டதை நான் கண்டதில்லை.

"இத்தனை நோயாளிகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் எங்கே நேரம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேரம் இல்லாத இரவுகள் உண்டு. அப்படியென்றால் "ஊசி எல்லாம் முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். வருவதாகச் சொல்லி வராமல் விடுவது, நேரமில்லை என்று சொல்வதைவிட மோசம்.

அடுத்தது உறவுமுறை. நாம் முதல் நிமிடத்திலேயே அம்மா, ஐயா, அக்கா, தம்பி என்று தொடங்கிவிடுகிறோம். முஸ்லிம் வீடுகளிலிருந்து வருபவர்களை உம்மா, நானா என்கிறோம். நல்ல வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அழைத்த மாத்திரத்தில் உறவு வந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றி 1952இலேயே எழுதிய அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லோ, தாதி ஏற்கும் பாத்திரங்களில் முதலாவதாக வைத்தது 'அந்நியர்' என்பதை. ஆசிரியர், ஆலோசகர் எல்லாம் அதற்குப் பிறகுதான். உடுப்பைத் தளர்த்தச் சொல்லும், மலம் போனதா என்று கேட்கும் ஓர் அந்நியர் நாம். ஆகவே பெயரைச் சொல்லி, என்ன செய்ய வந்தோம் என்று சொல்லி, "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்க வேண்டும். வயிற்றிலேயே பிள்ளையை இழந்து படுத்திருக்கும் பெண்ணை, ஒவ்வொரு தடவை பிரஷர் பார்க்கும்போதும் "அம்மா, கையை நீட்டுங்க" என்று சொல்வது அவளுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவளுடைய விபரங்கள் எழுதும் நோயாளிப் பதிவான டிக்கெட்டின் மேலேயே எழுதியிருக்கிறது.

இனி, குடும்பம் மறைக்கச் சொல்லும் வருத்தம். எங்கள் ஆட்களிடம் இது மிகச் சாதாரணம். பார்வை நேரம் தொடங்கியதும் மூத்த மகன் நம்மை ஓரமாகக் கூப்பிட்டு, "மிஸ், அம்மாவுக்குப் புற்றுநோய் எண்டு மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா" என்கிறார். இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒன்று, மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் "சின்னக் கட்டிதான்" என்று பொய் சொல்வது. மற்றது, "நோயாளிக்குத் தெரிய உரிமை இருக்கு" என்று மகனிடம் சட்டம் பேசிவிட்டு, அம்மாவின் தலையில் போட்டு உடைப்பது.

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைப்பதே பெரும்பாலும் பிழை. புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் அங்கே எதற்குப் போகிறார்கள் என்று இந்த நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அவருக்குத் தெரியும், பிள்ளைகள் நொந்துவிடுவார்கள் என்று தெரியாததுபோல இருக்கிறார். பிள்ளைகளும் அப்படியே. ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியாக அழுகிறார்கள்.

மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, "சொன்னா என்ன நடக்கும் எண்டு பயப்படுறீங்க?" என்பதை. சாப்பாட்டை விட்டுவிடுவார், சிகிச்சைக்கு வர மாட்டார் என்று ஏதோ ஒரு காரணம் வரும், அதைப் பற்றிப் பேசலாம். பிறகு தெளிவாகச் சொல்லுங்கள்: "நானா போய்ச் சொல்ல மாட்டன். ஆனா அம்மா நேரா கேட்டா பொய் சொல்லவும் மாட்டன். டொக்டரையும் வச்சு ஒருக்கா இருந்து பேசுவம்." அம்மாவிடம், "உங்கட வருத்தத்தைப் பற்றி இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க? இன்னும் தெரிஞ்சுகொள்ள விருப்பமா?" என்று கேட்கலாம். "அதெல்லாம் மகனிட்டயே சொல்லுங்கோ" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருந்தாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கொழும்பில் பேசாமல் விட முடியாத இன்னொன்று, மொழிபெயர்ப்பு. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இங்கே மாற்றி அனுப்பப்பட்டு வந்தவர், சிங்களம் மட்டும் தெரிந்த தாதியின் முன்னால் திகைத்து நிற்பது இன்றும் நடக்கிறது. அவசரத்துக்குக் கைக்கு அகப்படுவது அவருடைய பிள்ளை. பாடசாலையில் கொஞ்சம் சிங்களம் படித்த பையனை நடுவில் நிறுத்தி, தாயிடம் மாதவிடாய் எப்போது வந்தது, இரத்தம் எவ்வளவு போகிறது என்று கேட்டால் அந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? "இல்லை" என்பாள், அவ்வளவுதான். பிழையான தகவல் டிக்கெட்டில் ஏறிவிடும். பிள்ளையை, பக்கத்துக் கட்டில்காரரை, துப்புரவு செய்ய வந்தவரை இதற்குப் பிடிக்கக் கூடாது. இரண்டு மொழியும் தெரிந்த ஊழியர் ஒருவரை அடுத்த வாட்டிலிருந்தாவது கூப்பிட வேண்டும்.

அப்படிக் கூப்பிடப்படும் தமிழ்த் தாதி நீங்கள் என்றால், உங்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அம்மா ஐந்து நிமிடம் கதைக்க, நீங்கள் "வயித்து வலியாம்" என்று ஒரு வசனத்தில் முடிப்பீர்கள். அல்லது மற்றத் தாதி கேட்காததை நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். கேள்வி கேட்கும் தாதி உங்களைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசட்டும்.

திரை இழுத்துவிட்டால் அந்தரங்கம் கிடைத்துவிட்டது என்று நம்புவதும் ஒரு தவறு. திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. கட்டிலோடு கட்டில் ஒட்டியிருக்கும் வாட்டில் குரலைத் தாழ்த்துங்கள், நடக்கக் கூடியவரை வெளியே கூட்டிப்போய்க் கேளுங்கள்.

அப்புறம், "விளங்கிச்சா?" இதற்கு "ஓம் மிஸ்" என்பதைத் தவிர வேறு பதிலை எங்கள் ஊரில் எதிர்பார்க்க முடியாது. மரியாதைக்காகவே ஓம் என்பார்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோடு வீட்டுக்குப் போகிறவரிடம், "வீட்டில எப்படிப் போடுவீங்க எண்டு எனக்கு ஒருக்கா செய்து காட்டுங்கோ, நான் சரியாச் சொல்லித் தந்தேனா எண்டு பார்க்கத்தான்" என்று கேளுங்கள். கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டுகிறாரா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியுமா, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துகிறாரா என்பது அப்போதுதான் தெரியவரும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே வரும். அதேபோல், மருந்தை நிறுத்தியவரிடம் "ஏன் நிப்பாட்டினீங்க?" என்றால் சாட்டுத்தான் வரும். "மருந்து எடுக்கிறதில என்ன கஷ்டம் இருந்தது?" என்றால் காரணம் வரும்.

மாத்திரைகளை அள்ளி விழுங்கி வந்தவரிடம் நாம் பேசும் பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறோம். அவர் நினைத்துத்தான் இருப்பார். இலங்கையில் 1998 முதல் தற்கொலை முயற்சி குற்றமே இல்லை. வாட்டில் மட்டும் நாம் இன்னும் விசாரணை நடத்துகிறோம். கேட்டால் அந்த எண்ணம் மீண்டும் வந்துவிடும் என்று பயந்து ஒன்றும் கேட்காமல் விடுவதும் பிழை. "சாகவேணும் எண்ட யோசனை இப்பவும் இருக்கா?" என்று நேராக, மெதுவாகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. வீட்டுக்குப் போகும்போது, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக் கேட்கும்போது, "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ மிஸ்" என்பார்கள். அன்பில் சத்தியம் பண்ணிவிடாதீர்கள். "உங்களைப் பாதுகாக்கத் தேவையானதை டொக்டருக்கும் அடுத்து வாற மிஸ்ஸுக்கும் சொல்லுவன், வீட்டாட்களுக்கு உங்களைக் கேட்காமச் சொல்ல மாட்டன்" என்று அவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அது மாறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது, பிரஷர், சிறுநீர் அளவு ஆகியவற்றோடு, அவர் இரவு என்ன சொன்னார் என்பதையும் அவருடைய வார்த்தையிலேயே ஒப்படையுங்கள்.