பாத்திரம் தேய்க்க வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

பாத்திரத்தில் ஒட்டியிருப்பது மாவா, பாலா, எண்ணெயா என்று முதலில் பாருங்கள். தண்ணீரின் சூட்டை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோசை மாவு ஒட்டிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றவே கூடாது. மாவு அங்கேயே வெந்து பசையாகி, ஸ்க்ரப்பரிலும் புகுந்துகொள்ளும். அப்புறம் ஸ்க்ரப்பரைக் கழுவுவதே தனி வேலை. பச்சைத் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் விட்டால் கையாலேயே வழித்துவிடலாம். கிரைண்டர் கல்லுக்கும் இதுதான். முட்டை அடித்த கிண்ணமும் அப்படியே: வெள்ளைக்கரு 60 டிகிரியை ஒட்டி இறுக ஆரம்பித்துவிடும். பால் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு வேண்டுமானால் வெந்நீரில் தேய்க்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு என்றாலே வெந்நீர் என்று நினைக்க வேண்டாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் நம் ஊர் வெயிலில் உறையாது; சோப்பும் குழாய்த் தண்ணீரும் போதும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதனால் மார்கழிக் காலையில் மட்டும் தொந்தரவு. நெய்யும் ஆட்டுக் கொழுப்பும்தான் உண்மையில் வெந்நீர் கேட்பவை.

கறிக்குழம்பு வைத்த சட்டியை இப்படிக் கழுவுங்கள். கொழுப்பைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். துடைக்காமல் வெந்நீரை ஊற்றினால், உருகிய கொழுப்பு சிங்க் குழாய்க்குள் போய் ஆறி, அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். அடுத்து, கொதிக்கும் தண்ணீர் ஒரு செம்பு, குழாய்த் தண்ணீர் மூன்று செம்பு கலந்தால் சுமார் 45 டிகிரி வரும். கை பொறுக்கும் சூடு அதுதான். அதில் சோப்புத் திரவம் இரண்டு டீஸ்பூன் விட்டுச் சட்டியைப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அலுமினியம், எவர்சில்வர் இரண்டுக்கும் இது ஒத்துவரும். மண்சட்டி சோப்பை உறிஞ்சிவிடும், அதற்கு வெந்நீரும் தேங்காய் நாரும் மட்டும் போதும்.

வெந்நீர் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். கை தாங்கும் சூட்டில் கிருமி சாகாது. அதற்கு 77 டிகிரி தண்ணீரில் அரை நிமிடமாவது முங்கியிருக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்துக்குச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதும், நன்றாக அலசுவதும், கவிழ்த்துக் காயவைப்பதும்தான் பாதுகாப்பு. ஈர ஸ்க்ரப்பர் சிங்க்கிலேயே கிடந்தால் இத்தனையும் வீண். குழந்தையின் பால் புட்டியை மட்டும் கழுவிய பிறகு, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெந்நீரில் அலசிய டம்ளரில் வெள்ளைத் திட்டு சீக்கிரம் படியும், ஏனென்றால் ஈரம் உடனே ஆவியாகி உப்பை விட்டுப்போகும். அலசியதும் துணியால் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே படிந்த திட்டுக்கு எலுமிச்சைத் தோலைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவலாம்.

அடுப்பிலிருந்து இறக்கிய நான்ஸ்டிக் கடாயைக் குழாயடியில் நீட்டாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் அடி வளைந்து, பிறகு அடுப்பில் ஆடும். கண்ணாடிப் பாத்திரமோ விரிசல்விடும். இரண்டையும் ஆறவிட்டே கழுவுங்கள்.