ஏப்ரல் 30-க்கு முன்னால் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள்

அமெரிக்காவில் சிறிய நகராட்சி அலுவலகங்களில் கணக்கு பார்ப்பவர்களுக்கு இது. 2021-ல் வந்த கொரோனா மீட்பு நிதிக்கு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும் ஊர்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. அந்த வருடம் ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை என்றாலும் அறிக்கை போயாக வேண்டும்.

கணக்கில் தவறுபவர்கள் குறைவு. மாட்டிக்கொள்வது கடைசி பட்டனில்தான். கருவூலத் துறை போர்ட்டலில் அறிக்கையைச் சான்றளித்து அனுப்ப, அதிகாரபூர்வப் பிரதிநிதியாகப் பதிவானவரால் மட்டுமே முடியும். அவர் போன வருடமே ஓய்வு பெற்றிருப்பார், லாகின் அவருடைய மின்னஞ்சலில் இருக்கும். 29-ஆம் தேதி ராத்திரி இது தெரியவந்தால் படும் பாடு சொல்லி மாளாது. அதனால் மார்ச் முதல் வாரமே உள்ளே போய், யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொருவரையும் அதே பொறுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கையோடு சாம்.கவ் (SAM.gov, மத்திய அரசு நிதி பெறுபவர்கள் பதிவு செய்யும் தளம்) பதிவு எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஊரின் பெயரோ முகவரியோ ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் சரிபார்ப்பு நாள்கணக்கில் இழுக்கும்.

இந்த நிதியைச் செலவழிக்கக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. ஒப்பந்தக்காரரின் பில்களை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.