ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அணைக்காதீர்கள்: மினசோட்டாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலை அமெரிக்காவின் வடக்கே இருக்கும் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் ஜனவரி மாத வெப்பநிலையைத் தேடிப் பார்க்கிறார்கள், அடுத்த நிமிடமே டெக்சாஸ் பக்கம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நான் 2016 ஆகஸ்டில் மதுரையிலிருந்து நேராக இங்கே வந்து இறங்கியவள். வரலாமா என்று என்னைக் கேட்டால் தாராளமாக வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நம்மவர்கள் குளிருக்குப் பயப்படுவதெல்லாம் உடம்பை நினைத்து. ஜாக்கெட், பூட்ஸ், கம்பளிக் குல்லாய் என்று பெட்டி நிறைய வாங்கி வருகிறார்கள். எனக்கு அடி விழுந்தது உடம்பில் இல்லை, வீட்டில். அதை விவரமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் அரசாங்க வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பாங்க் கணக்கு, போன், இதெல்லாம் எந்த மாநிலத்திலும் ஒன்றுதான், ஆபீஸிலேயே வழி சொல்வார்கள். மினசோட்டாவில் குடியேறி 60 நாளுக்குள் இந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும். கோடையில் வருகிறவர்கள் ரோடு டெஸ்டை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள், பனியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது தனிப் பாடம், அதையும் டெஸ்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். முதல் பனி விழுந்ததும் காலியான ஒரு பார்க்கிங் லாட்டுக்குப் போய், மெதுவாக ஓட்டி, வேண்டுமென்றே பிரேக் அழுத்தி வண்டி எப்படி வழுக்குகிறது என்று பாருங்கள். நான் அரை மணி நேரம் அப்படிச் சுற்றியதுதான் இன்றுவரை என்னைக் காப்பாற்றுகிறது.

சரி, குளிர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஃபாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கம் என்பது இங்கே சாதாரணம், பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாட்களும் வருடா வருடம் உண்டு. காற்றும் சேர்ந்தால் திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்துக்குள் மரத்து, உறைய ஆரம்பித்துவிடும், அதனால் அந்த நாட்களில் குழந்தைகளின் காதையும் விரலையும் மூடாமல் பஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள், ரொம்பக் குளிரும் நாளில் வானம் பெரும்பாலும் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயில் கண்ணைக் கூசும். சன்னல் வழியாகப் பார்த்து ஏமாந்து சும்மா வெளியே போய்விடக் கூடாது. என்னைக் குளிரைவிட அதிகமாக வாட்டியது இருட்டு. டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும். ஆபீஸ் முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. முதல் வருடம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது, டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து வைட்டமின் டி குறைவு என்று மாத்திரை கொடுத்தார். இதை வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலறையிலும் மாற்றம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கல்லாக இருக்கும், வாய் அகன்ற பாட்டிலில் வைத்துக் கரண்டியால் சுரண்டுங்கள். இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது, ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலையில் பாத்திரம் வழியும். ஓவனைப் பற்றவைத்துவிடாமல் இருக்க அதன் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள். ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று வறண்டு போகும், குழந்தைக்கு ராத்திரியில் மூக்கிலிருந்து ரத்தம் வரும், பதறாதீர்கள், படுக்கை அறைக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயர் ஒன்று வாங்குங்கள்.

இப்போது அந்த விஷயம்.

நம் ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் என்ன செய்வோம்? கேஸ் சிலிண்டரை மூடுவோம், மோட்டார் சுவிட்ச் பார்ப்போம், மெயினையே அணைத்துவிடுவோம். எங்கள் அம்மா தெருமுனை வரை வந்த ஆட்டோவைத் திருப்பி மெயினை அணைத்தாளா என்று பார்த்துவிட்டு வருவாள். அந்த வளர்ப்புதான் எனக்கும். 2018 டிசம்பர் கடைசியில், தம்பி கல்யாணத்துக்காக ஆறு வாரம் மதுரைக்குக் கிளம்பினோம். தை மாதக் கல்யாணம் என்பதால் லீவை நீட்டித்திருந்தோம். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு, மாதம் நூற்று முப்பது டாலர் கேஸ் பில் என்று, வாசலில் பெட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பப் போய், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை அணைத்தது நான்தான். அந்தச் சின்னத் திரை இருண்டதும் பொறுப்பாக ஒரு வேலை செய்த திருப்தி.

வாடகைக்கு இருந்தது டவுன்ஹோம், இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள். அக்கம்பக்கத்துச் சூடு சுவர் வழியாகக் கசிந்து ஒரு மாதம் வீட்டைத் தாங்கியது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் ஜனவரி கடைசியில் வடதுருவக் குளிர் மொத்தமாக அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இறங்கியது. 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட், சிகாகோவில் மைனஸ் 23. பள்ளிகள் மூடப்பட்டன, எந்த மழை வெயிலுக்கும் நிற்காத தபால்காரர்கள்கூடப் பல ஊர்களில் போகவில்லை. நாங்கள் மதுரையில் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு, நல்லவேளை நாம் இங்கே இருக்கிறோம் என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் சலவை மெஷின் மாடியில், கராஜுக்கு நேர் மேலே இருந்தது. கராஜில் ஹீட்டர் கிடையாது. அதற்குப் போகும் பைப் கராஜின் மேல்தளத்துக்குள்ளே ஓடியது, அங்கேதான் உறைந்திருக்கிறது. பிளம்பர் பிறகு விளக்கினார்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், ஐஸ் அடைத்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு நகர இடம் இல்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பைப் கிழிந்துவிடும். உறைந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது, ஐஸே அடைப்பாக நிற்கும். குளிர் விட்டு ஐஸ் இளகியதும்தான் தண்ணீர் கொட்டத் தொடங்கும், நிறுத்த ஆளில்லாவிட்டால் மணிக்கணக்காகக் கொட்டும்.

பிப்ரவரி 3, ஞாயிறு காலை, மதுரையில் ஏழரை மணி, பக்கத்து வீட்டு அம்மாளின் போன். அங்கே சனி ராத்திரி எட்டு. கராஜ் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, யாராவது உள்ளே இருக்கிறீர்களா என்று கேட்டார். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குச் சொல்லி, அவர் வந்து மெயின் வால்வை மூட ராத்திரி பதினொன்று. நாங்கள் டிக்கெட்டை மாற்றி ஓடி வந்து கதவைத் திறந்தபோது சமையலறைக் கூரைப் பலகை ஈரத்தில் பிய்ந்து அடுப்பின் மேல் மாவு மாதிரி கிடந்தது, கார்ப்பெட்டில் கால் வைத்தால் சளக் என்று தண்ணீர் மேலே வந்தது, ஈரம் உறிஞ்சப் பெரிய பெரிய விசிறிகள் ஓடும் சத்தத்தில் பேசியது கேட்கவில்லை. கொலுப் பெட்டியைக் கராஜில் வைத்திருந்தேன். அதில் பாட்டி கொடுத்த காகிதக்கூழ் செட்டியார் பொம்மை. வயிறு ஊறி வெடித்து, சாயம் கரைந்து வேட்டியெல்லாம் சிவப்பாகி, மூக்கு தனியாக என் கையோடு வந்தது. அவர் பக்கத்தில் மளிகைச் சாமான் அடுக்கும் அந்தச் சின்னத் தட்டுகளும் போய்விட்டன. மற்றதெல்லாம் திரும்ப வாங்கினோம். அதை எங்கே வாங்குவது?

பணக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் இது யாரும் சொல்லாத பகுதி. லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், பதினோராவது பக்கத்தில், குளிர்காலத்தில் வீட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைத்திருப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டது நாங்கள்தான், படித்ததில்லை. ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கும் காப்பீடு) கம்பெனிக்காரர்கள், ஹீட்டரை நீங்களே அணைத்தீர்களா என்று ஒரே கேள்வி கேட்டார்கள். ஆமாம் என்றோம். அத்தோடு கை விரித்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு 9,600 டாலர் தவணையில் கட்டினோம், இரண்டு வருடம். பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பொய்க்குப் போகாதீர்கள், அணைக்காமல் இருங்கள், அவ்வளவுதான்.

அதனால் குளிர்காலத்தில் ஊருக்குக் கிளம்பினால் நான் இப்போது செய்வது இது. தெர்மோஸ்டாட் 60-இல். 55 போதும் என்பார்கள், ஆனால் அது தெர்மோஸ்டாட் இருக்கும் நடுச் சுவரின் சூடு, வெளிச்சுவருக்குள் ஓடும் பைப்புக்கு அவ்வளவு எட்டாது. பேஸ்மென்டில் மெயின் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குழாய்களைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவேன். அந்த வால்வு எங்கே என்று வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேளுங்கள், நான் அதில் சிவப்பு ரிப்பன் கட்டிவைத்திருக்கிறேன். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு அது கையில் இருக்காது, அபார்ட்மென்ட் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளின் அடி அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள், வீட்டுச் சூடு பைப்பைத் தொடட்டும். வெளியே தோட்டக் குழாயில் மாட்டிய ஹோஸை அக்டோபரிலேயே கழற்றிவிட வேண்டும், அதுவும் இதே கதைதான். நீங்கள் இங்கே வீட்டில் இருக்கும்போதே மைனஸில் போனால் ராத்திரி குழாயை மெல்லிய நூல் போலச் சொட்டவிடுங்கள், தண்ணீர் வீணாகிறதே என்று நம் மனசு பதைக்கும், பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சாவியை ஒரு மனிதரிடம் கொடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் தானாகவே நின்றுபோவதும் உண்டு, போன் ஆப் அதைச் சொல்லும், ஆனால் வைஃபை போனால் அதுவும் சொல்லாது. எங்கள் சாவி இன்றும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம்தான் இருக்கிறது. வீடு மாறினோம், அவரை மாற்றவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று தம்பி கேட்கிறான். கலிஃபோர்னியாவில் தோழி இரண்டு அறை அபார்ட்மென்டுக்குக் கொடுக்கும் வாடகையில் எங்களுக்கு வீட்டுத் தவணை போகிறது, பின்னால் மேப்பிள் மரம் நிற்கிறது. கடல் புயல், பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை. டொர்னாடோ சைரன் உண்டு, மாதத்தின் முதல் புதன் மதியம் ஒரு மணிக்குச் சோதனைக்கு அடிப்பார்கள், வந்த புதிதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு ஓடினேன். நிஜமாகவே வானம் கறுத்து அடித்தால் ஓடத்தான் வேண்டும். ஜூலையில் நம் சித்திரை மாதிரியே புழுங்கும் நாட்களும் இருக்கும், கொசுவும் மதுரையை விட அதிகம். ஆனால் மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை, மண்ணில் எதைப் போட்டாலும் வெறி பிடித்தாற்போல் வளரும். புடலை, அவரை, வெண்டை எல்லாம் பறித்துக் கொடுத்து மாளாது. கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுத்துவிடுங்கள், 50-க்குக் கீழே போனால் இலை உதிர்த்துவிடும்.

மூச்சு இழுப்பு இருப்பவர்கள், குளிரில் மூட்டு வலி கூடுகிறவர்கள், வண்டி ஓட்டவே பயப்படுகிறவர்கள் நன்றாக யோசித்து வாருங்கள். நடந்து கடைக்குப் போய்வரும் வாழ்க்கை இங்கே நவம்பரோடு முடிந்துவிடும். மினியாபொலிஸ் நகருக்குள் கட்டடங்களை இணைக்கும் மூடிய ஸ்கைவே மைல் கணக்கில் இருக்கிறது, ஆனால் நம்மவர்கள் அதிகம் இருப்பது ஈடன் ப்ரேரி, பிளிமத் போன்ற புறநகர்களில்.

பெற்றோருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால் மே கடைசிக்குப் போடுங்கள். பேரன் பிறந்தநாள் டிசம்பரில் என்று பனியில் கூட்டி வந்து நாலு சுவருக்குள் உட்காரவைக்காதீர்கள். என் அம்மா 2022 ஜூனில் வந்தாள். இங்கே ஜூனில் சூரியன் மறைய ராத்திரி ஒன்பது மணி. முதல் நாள் சாயங்காலம் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கையில் தீப்பெட்டியோடு, வீட்டை ஒட்டிய டெக் என்ற மரத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏழானது, எட்டானது, வெயில் மேப்பிள் மரத்து உச்சியை விட்டு இறங்கவே இல்லை. "எப்போடி ஏத்துறது?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து மதுரையில் ஏற்றும் ஆறு மணிக்கே, பட்டப்பகல் வெளிச்சத்தில் ஏற்றிவிட்டு, மிச்சமிருந்த மூன்று மணி நேரமும் அவரைப் பந்தலடியில் என்னோடு உட்கார்ந்து களை பறித்தாள்.